நுஸ்லா ஒப்புவித்த பாடம்

நாலு வயது முடிவதற்குள்ளேயே நுஸ்லாவுக்குக் குர்ஆனின் சின்ன சூராக்கள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன. யாரும் அவளை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய உம்மா பர்ஸானா, அஸர் தொழுகைக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டு ஹோலில் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள். அவள் ஒரு வரி சொல்ல வேண்டும், பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், பிழையில்லாமல் ஒப்புவித்த பிறகுதான் அடுத்த வரி. அந்த ஹோலின் மூலையில் மேசைக்கடியில் உட்கார்ந்து கராம்புகளை வரிசையாக அடுக்குவதுதான் நுஸ்லாவின் வேலை. ஒரு நாள் ஒரு பெரிய பிள்ளை தட்டுத்தடுமாறி நின்ற இடத்தில், மேசைக்கடியிலிருந்து அந்த வரி முழுதாக வந்தது. குரல் மட்டும்தான் குழந்தையுடையது. இழுப்பும் ஏற்ற இறக்கமும் அப்படியே பர்ஸானாவுடையவை.

பலாபத்வலச் சந்தியிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் அந்தப் பேச்சு ஒரே வாரத்தில் பரவியது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நோயாளியைப் பார்க்கப் போனாலும் பிள்ளையை நடுவில் நிறுத்தி ஓதச் சொன்னார்கள். முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும், மீதியை அவள் வெளுத்து வாங்குவாள். பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். பர்ஸானாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே பிள்ளை அதுவரை ஒரு தடவைகூட “உம்மா” என்று அவளைக் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். தாகம் எடுத்தால் உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பிரிஜ் கதவில் வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். இதையெல்லாம் கண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் இத்தனை அழகாக ஓதுகிற பிள்ளையிடம் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? சொல்லியிருந்தாலும் பர்ஸானா காதில் வாங்கியிருக்கமாட்டாள்.

கடைசியில் வாய் திறந்தவர் நேசரி டீச்சர் ஜெயந்தினி. மாத்தளை டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஒரு நாள் மற்றப் பிள்ளைகள் போகும்வரை பர்ஸானாவை நிறுத்தி வைத்தார்.

“நுஸ்லா யார்கூடவும் சேர்றதில்லங்க. நேத்து வாசல்ல எல்லாரோட செருப்பையும் வரிசையா வச்சிக்கிட்டு இருந்தா. ஒரு புள்ள தன்னோடத எடுத்துருச்சி, அவ்வளவுதான், நேசரி விடுற வரைக்கும் அழுதா. என்ன வேணும்னு அவளுக்கு வாய் தொறந்து சொல்லத் தெரியல.”

“சொல்லத் தெரியாதா? டீச்சர், அலம்தர சூராவிலிருந்து கடைசி சூரா வரைக்கும் அவ பிழையில்லாம ஓதுவா.”

“ஓதுறா. நானே கேட்டிருக்கேன், அவ்வளவு அழகா இருக்கு. ஆனா தண்ணி வேணும்னு கேக்குறாளா?”

அந்தக் கேள்வி பர்ஸானாவுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“ஓட்டிசமா இருக்குமோன்னு எனக்கொரு யோசன,” ஜெயந்தினி குரலைத் தாழ்த்தினார். “இருக்குன்னு நான் சொல்லல. அதச் சொல்ல நான் டொக்டர் இல்ல. கிளினிக் டொக்டரம்மா ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாங்கன்னா கண்டியில நல்லா சோதிச்சுப் பாப்பாங்க. இந்த வயசுலயே போயிட்டா பேசப் பழக்க வழி இருக்கு. தள்ளிப்போட்டா கஷ்டங்க. மிட்வைஃப் நோனாகிட்ட நான் ஒரு வார்த்த சொல்லட்டுமா?”

சொல்லட்டும் என்றும் பர்ஸானா சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நாலு நாள் கழித்து மிட்வைஃப் நோனா வீட்டு வாசலுக்கே வந்து கிளினிக்குக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு ஜன்னல் அப்போது திறந்திருந்ததைப் பர்ஸானா கவனித்தாள்.

அவளுடைய கணவன் இப்ஹாம் யட்டவத்தைப் பக்கம் லொறியில் போய் மிளகும் கராம்பும் சேர்த்து வருகிறவன். சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற மனிதன். “காட்டித்தான் பாப்பமே. காட்டுறதால என்ன கொறஞ்சி போகுது?” என்றான். அவனுடைய மூத்த சகோதரி நூருன்னிஸா அதற்கு இடம் கொடுக்கவில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவளுடையதுதான்.

“என்ன கொறையுமா? நாளைக்கி ஸ்கூல்ல சேக்கப் போனா அந்தக் கடிதம்தான் முன்னுக்கு வந்து நிக்கும். பொம்புளப் புள்ள. ஒருக்கா அந்தப் பேரு ஒட்டினா பொறகு சொறண்டி எடுக்க ஏலுமா தம்பி?”

“போகாம இருந்தா மிட்வைஃப் நோனா திரும்பி வருவாங்களே மதினி,” என்றாள் பர்ஸானா.

“போகத்தான் வேணும். போய் ஒண்டுமில்லன்டு சொல்ல வச்சிட்டு வரோணும்.” நூருன்னிஸா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “யட்டவத்தையில எனக்குத் தெரிஞ்ச பொம்புள ஒண்டு அவட மகனக் காட்டினது இதே டொக்டரம்மாக்கிட்டத்தான். என்ன கேப்பாங்கன்டு நான் கேட்டு வச்சிக்கிட்டேன். பேரு, வயசு, வாப்பா எங்க, உம்மா எங்க, கூட்டாளி யாரு, என்ன வெளாட்டு. எல்லாருக்கும் அதே கேள்விதானாம். ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் நீ ஓதிக்குடுக்குற. ஒன்ட புள்ளக்கி இந்த ஆறு பதிலச் சொல்லிக்குடுக்க ஏலாதா?”

பர்ஸானாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. யாருக்கும் தெரியாமல், காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடக்கூடிய காரியமாக அது தெரிந்தது. பிள்ளைக்குத் துரோகம் செய்கிறோம் என்று துளியும் அவளுக்குத் தோன்றவில்லை. வேறு எந்த உம்மா தன் பிள்ளைக்காக இவ்வளவு மெனக்கெடுவாள் என்றுதான் நினைத்தாள்.

மறுநாளே பாடம் தொடங்கியது. நூருன்னிஸா டொக்டரம்மா மாதிரி எதிரே உட்கார்ந்து கேட்பாள். பர்ஸானா பிள்ளையின் காதருகே குனிந்து பதிலைச் சொல்வாள். நுஸ்லா முதலில் கேள்வியையும் சேர்த்தே ஒப்புவித்தாள். இரண்டு நாளில் அது சரியாகிவிட்டது. பெயர் சொன்னதும் தலையைத் திருப்புவதற்கு ஒரு துண்டு இனிப்புத் தொதல் கூலி. முகத்தைப் பார்க்கப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. டொக்டரம்மா மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்று தெரிந்ததும் நூருன்னிஸா தன்னுடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் பல்ப் வெளிச்சம் மின்னியது. மின்னுகிற எதையும் நுஸ்லா கண் கொட்டாமல் பார்ப்பாள். மதினியின் கெட்டித்தனத்தை நினைத்துப் பர்ஸானா அன்று மனம்விட்டுச் சிரித்தாள்.

“என்ட பேரு நுஸ்லா. எனக்கு நாலு வயசு. வாப்பா லொறியில போறாரு. உம்மா வீட்டுல ஈக்கிறாங்க. என்ட கூட்டாளி ஷஹ்லா. நாங்க பந்து வெளாடுவோம்.”

ஷஹ்லா நேசரியில் படிக்கிற பிள்ளை. நுஸ்லா அவள் பக்கம் ஒரு நாளும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள். பந்து உருண்டு வந்தால் எழுந்து தள்ளிப்போய் உட்காருகிறவள். அதனால் என்ன, பதில் பதில்தானே.

கடைசிப் பதில் முடிந்ததும் “பாடம் முடிஞ்சி, என்ட தங்கம்” என்று பர்ஸானா அவளை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொள்வாள். மெதுவாகத் தடவினால் நுஸ்லா உதறிவிடுவாள். எலும்பு நோக இறுக்கினால் மட்டும் அடங்கி, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். பர்ஸானா அதை அந்த நாட்களில்தான் கண்டுபிடித்தாள். பிள்ளை பிறந்து இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் அவளைக் கட்டிப்பிடித்து வைத்திருந்ததும் அப்போதுதான். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வாரமும் பர்ஸானா சந்தோஷமாக இருந்தாள்.

கிளினிக்கில் அன்று சனம் அலைமோதியது. ஊசி போட்ட குழந்தைகள் ஒரு பக்கம் வீறிட, நுஸ்லா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். “கைய எடு மகள், கைய எடு” என்று பர்ஸானா அந்தக் கைகளைப் பிடித்து மடியில் அமுக்கி வைத்தாள். முறை வருவதற்குள் அவளுடைய முந்தானை வியர்வையில் நனைந்துவிட்டது.

டொக்டரம்மா சிங்களப் பெண்மணி, நல்ல மனுஷி. தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழிலேயே பேச வேண்டும் என்று முயற்சி எடுக்கிறவர். அந்தத் தமிழை அவர் எங்கோ ஒரு வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தார். யட்டவத்தைப் பெண் சொன்ன அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கேட்டார். நுஸ்லா அவருடைய கண்ணாடியில் விழுந்த டியூப்லைட் வெளிச்சத்தை இமைக்காமல் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு மனப்பாடங்களும் எங்கேயும் இடறாமல் ஒன்றையொன்று கடந்து போயின.

“நல்லா பேசுறாங்க தானே?” டொக்டரம்மா சிரித்தார். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. “கண்ண பாத்து பேசுறாங்க. கூட்டாளியும் இருக்கு. இப்ப கண்டிக்கி எழுத தேவையில்ல. பிள்ளக்கி பாக்க போன் குடுக்க வேணாம். மூணு மாசத்துல ஒருக்கா திரும்ப காட்டுங்க.”

வெளியே வந்து பர்ஸானா பிள்ளையை அள்ளி எடுத்து, அத்தனை பேர் பார்க்க, மூச்சு முட்ட இறுக்கினாள். நுஸ்லா அவள் தோளில் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே திரீவீலில் வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு நூருன்னிஸா வட்டலப்பம் செய்தாள்.

“டொக்டர் ஒண்டுமில்லன்டுட்டாங்க டீச்சர்,” என்று மறுநாள் நேசரி கேட்டில் பர்ஸானா சத்தமாகவே சொன்னாள், நாலு பேர் காதில் விழட்டும் என்று.

ஜெயந்தினி பிள்ளையைப் பார்த்தார். நுஸ்லா செருப்புகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். “அவளோட கொஞ்ச நேரம் வெளையாடிப் பாத்தாங்களா?”

“கேக்க வேண்டியத எல்லாம் கேட்டாங்க. அவ எல்லாத்துக்கும் பதில் சொன்னா.”

“சரிங்க,” என்றார் ஜெயந்தினி. அந்தச் ‘சரிங்க’ பர்ஸானாவுக்கு முள்ளாகக் குத்தியது. அடுத்த மாதமே பிள்ளையை நேசரியிலிருந்து நிறுத்திவிட்டாள். மூன்று மாதத்தில் திரும்பக் காட்டச் சொன்னதையும் வீட்டில் எல்லாரும் வசதியாக மறந்துபோனார்கள்.

நுஸ்லாவுக்கு ஐந்து வயதும் ஆகிவிட்டது. மார்கழி மழை தொடங்கியது. தகரக் கூரையில் மழை அடித்தால் நுஸ்லா காதைப் பொத்திக்கொள்வது வழக்கம்தான். மழை விட்ட பிறகும் ஒரு கையை எடுக்காமல் வலது காதிலேயே வைத்திருந்தாள். காதைப் பொத்துவது அவளுக்குப் புதிதா என்ன? யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நுஸ்லா மேசைக்கடியிலிருந்து எழுந்து வந்தாள். தானாக அவள் எழுந்து வருவதே அபூர்வம். உம்மாவுக்கு நேரே வந்து நின்றாள். “என்ட பேரு நுஸ்லா. எனக்கு நாலு வயசு. வாப்பா லொறியில போறாரு,” என்று தொடங்கி, பந்து விளையாடுவது வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். சொல்லிவிட்டு நின்றாள்.

ஓத வந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பர்ஸானாவுக்கும் சிரிப்பு வந்தது. “இப்ப வேணாம் மகள். உம்மா ஓதிக்குடுக்குறேன் தானே?”

நுஸ்லா நகரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அது முடிய, இன்னொரு தடவை. பர்ஸானா அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அறையில் விட்டுவிட்டு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அதே பாடம் கேட்டுக்கொண்டே இருந்தது. லொறியிலிருந்து இப்ஹாம் போனில் கூப்பிட்டபோது, “ஒங்கட மகள் இண்டைக்கிச் சும்மா பேசிக்கிட்டே ஈக்கிறா,” என்று பெருமையாகச் சொன்னாள்.

காலையில் பிள்ளையின் உடம்பு கொதித்தது. தலையணையில் மஞ்சளாகச் சீழும், அதன் நடுவே இரத்தமும் காய்ந்திருந்தன.

பர்ஸானா தலையணையைப் பார்த்தபடி நின்றாள். நேற்று மாலை முழுக்கப் பிள்ளை தன்னிடம் என்ன கேட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. ‘நோகுது’ என்ற சொல்லை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்த ஆறு பதிலையும் பிழையில்லாமல் சொன்னால் இரைச்சல் நின்றுவிடும், உம்மா நெஞ்சோடு இறுக்கிக்கொள்வாள், வீட்டுக்குப் போகலாம். அதைத்தான் அவள் நேற்றுத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. பர்ஸானா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் காதைச் சுத்தம் செய்த இளம் டொக்டர், செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். கேட்கிற சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் சொல்லலாம் என்றார். “நாலஞ்சி நாளா நொந்திருக்குமே. பிள்ள சொல்லலியா?”

“சொன்னா டொக்டர்,” என்றாள் பர்ஸானா. “எனக்குத்தான் வெளங்கல்ல.”

அடுத்த கிளினிக் நாளுக்கு முன்னால் அவள் நேசரிக்குப் போனாள். போய் என்ன பேசுவது என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் நின்று அழுதவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, ஜெயந்தினி முழுக்கக் கேட்டார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பர்ஸானாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கிளினிக் நாளன்று காலையில் நூருன்னிஸா வீட்டு வாசலை மறித்து நின்றாள். “காதுக்கு மருந்து எடுத்தாச்சி. மத்தத என்னத்துக்குக் கிளறுற?”

“வழிய விடுங்க மதினி,” என்றாள் பர்ஸானா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

டொக்டரம்மாவுக்கு ஞாபகம் இருக்கவில்லை. பழைய குறிப்பைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். “ஆ, நுஸ்லா. பேர் என்ன?”

“என்ட பேரு நுஸ்லா.” காதில் பஞ்சு வைத்திருந்த நுஸ்லா கண்ணாடியின் வெளிச்சத்தை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு நாலு வயசு. வாப்பா லொறியில போறாரு.”

“நல்லா பேசுறாங்க தானே?” டொக்டரம்மாவுக்குக் குழப்பம். “ஏன் கண்டிக்கி கேக்குறீங்க?”

தன் பிள்ளைக்குப் பேச வராது என்று எந்த உம்மாவாவது வாதாடுவாளா? பர்ஸானா வாதாடினாள். “அது பேச்சில்ல டொக்டர். நான் பாடமாக்கிக் குடுத்தது. நீங்க என்ன கேப்பீங்கன்டு முன்னுக்கே விசாரிச்சி, ஓதிக்குடுக்குற மாதிரி சொல்லிக் குடுத்தேன். அவளுக்கு இப்ப அஞ்சு வயசு. மாத்திக் கேட்டுப் பாருங்க. வேற என்னத்தயாவது கேளுங்க.”

டொக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுப் பிள்ளையிடம் குனிந்தார். மனப்பாடத்தில் இல்லாத தமிழைக் கஷ்டப்பட்டுத் தேடினார். “காது... இப்ப காது நோகுதா?”

“உம்மா வீட்டுல ஈக்கிறாங்க,” என்றாள் நுஸ்லா.

டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நுஸ்லாவின் பார்வை அவர் முகத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியோடு மேசைக்குப் போனது. அவர் அதையும் கவனித்தார்.

“என்ட பிழையும் இருக்கு,” என்றார். பிறகு கடிதத்தை எழுதத் தொடங்கினார். “ஆனா இப்ப எழுதினாலும் ஒடனே இல்ல, சரியா? தமிழ்ல பேச்சு பழக்குற ஆள் அங்க கொறவு. காத்திருக்கிற பிள்ளைங்க நெறய. ஒரு வருஷம்கூட போகும்.” எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “அன்னிக்கே எழுதியிருந்தா இப்ப நுஸ்லாட முறை வந்திருக்கும்.”

அவர் வேண்டுமென்று குத்திச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பர்ஸானா கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே மழை. பஸ் வரும்வரை கிளினிக் வாங்குப் பலகையில் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். உள்ளே ஊசி போடும் அறையில் ஒரு குழந்தை வீறிட்டது. நுஸ்லா உடம்பைச் சுருக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினாள். பஞ்சு வைத்த பக்கம் கை பட்டதும் முகம் கோணியது. பிறகு தொடங்கினாள்.

“என்ட பேரு நுஸ்லா. எனக்கு நாலு வயசு.”

பர்ஸானாவுக்குப் பொறுக்கவில்லை. “வேணாம் மகள், ஒண்டும் சொல்ல வேணாம், உம்மா இந்தா ஈக்கிறேன்” என்று அவளை வாரி நெஞ்சோடு இறுக்கினாள்.

நுஸ்லா திமிறினாள். இரண்டு கையாலும் உம்மாவின் மார்பில் ஊன்றித் தள்ளி, பிடியிலிருந்து நழுவி, எதிரே போய் நின்றாள். பாடம் இன்னும் முடியவில்லை. நடுவில் குழம்பினால் முதலிலிருந்துதான் ஒப்புவிக்க வேண்டும் என்பது பர்ஸானாவே அவளுக்குப் பழக்கியது.

“என்ட பேரு நுஸ்லா,” என்றாள் அவள்.

பர்ஸானா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை காத்திருந்தாள்.